பெட்டிக்குள் கப்பல் இல்லை

“நம்பரைப் பார்த்து ஒட்டுற வேலைதானே?” மரக்கப்பல் கிட் ஒன்றை வாங்கி மேசைமேல் பிரித்து வைத்த எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. வீட்டுக்கு வரும் சித்தப்பா கேட்பார், மாடிவீட்டுக்காரர் கேட்பார். அவர்கள் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை; இந்த வேலையை அவர்கள் பார்த்ததில்லை. கப்பல் மாதிரி செய்வதிலேயே தலை நரைத்தவர்கள் சிலரும் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் தானே அறுத்துச் செய்பவர் கைவினைஞர், கிட் வாங்கியவர் வெறும் ஒட்டுக்காரர் என்பது அவர்கள் கட்சி. பல போட்டிகளில் கிட் கப்பல்களுக்குத் தனி வரிசை ஒதுக்குவதன் பின்னாலும் இந்த எண்ணம்தான் இருக்கிறது.

சித்தப்பாவும் அந்த முதுபெரும் வினைஞரும் ஒரே நம்பிக்கையில்தான் பேசுகிறார்கள். கப்பல் ஏற்கெனவே பெட்டிக்குள் துண்டு துண்டாக இருக்கிறது, வாங்கியவர் அதை எடுத்துச் சேர்க்கிறார், அவ்வளவுதான் என்ற நம்பிக்கை. இது தவறு. வேலையைத் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள்ளேயே தவறென்று மரமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த நம்பிக்கை வந்த வழி புரிந்துகொள்ளக் கூடியதுதான். 1952-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலின் பிளாஸ்டிக் கிட்டை இங்கிலாந்தின் உல்வொர்த் கடைகளில் விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த தலைமுறைகளுக்குக் ‘கிட்’ என்றாலே பிளாஸ்டிக்தான். அதில் கப்பலின் உடல் இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டு ஓடுகளாக வரும். அணியத்தின் (முன்முனையின்) வளைவும் அடிவயிற்றின் குழிவும் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். ஒட்டினால் உடல் தயார். (பிளாஸ்டிக்காரர்களின் திறமை வண்ணம் பூசுவதில் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.) மரக்கிட் அப்படிப்பட்டதில்லை. பிளாஸ்டிக் கிட் ரெடிமேட் சட்டை என்றால், மரக்கிட் மூன்று மீட்டர் துணியும் ஓர் அளவுச்சீட்டும். ஆனால் இரண்டின் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கிறது. மூடியில் பாய் விரித்த கப்பலின் பளபளக்கும் படம் இரண்டிலும் இருக்கிறது. தயாரிப்பாளர்களுக்கும் இந்தக் குழப்பத்தால் நட்டமில்லை. “எல்லாம் உள்ளே இருக்கிறது” என்றால் விற்கும். “உள்ளே பாதிதான் இருக்கிறது, மீதி உங்கள் கையில்” என்றால் எவர் வாங்குவார்?

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் ‘புளூநோஸ்’ என்ற பாய்மரக் கப்பலை 1:64 அளவில் தருகிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், லூனன்பர்க் துறைமுகத்தில் ஸ்மித் அண்ட் ரூலண்ட் பட்டறை கட்டி, 1921 மார்ச் 26 அன்று கடலில் இறக்கிய மீன்பிடிக் கப்பல் அது. டொராண்டோவில் இருக்கும் நம் உறவினர்கள் தினமும் கையில் புரட்டும் 10 சென்ட் நாணயத்தில் 1937 முதல் இருப்பது அதுதான். உண்மைக் கப்பலின் நீளம் 143 அடி. அந்த 143 அடியும் மேசைமேல் சுமார் 68 சென்டிமீட்டருக்கு வந்துவிடுகிறது. இங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் லூனன்பர்க் தச்சர் ஆறரை சென்டிமீட்டர் பிசகியதற்குச் சமம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? லேசரில் வெட்டிய ப்ளைவுட் ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், ஒன்று. அதில் குறுக்கே செருகுவதற்கான வங்குப் பலகைகள். கட்டுக் கட்டாக பாஸ்வுட் ரீப்பர். உருண்டைக் கம்புகள் சில, உலோக வார்ப்புகள், நூல்கண்டு, வரைபடங்கள், கையேடு. இவை அத்தனையும் தட்டை, அல்லது நேர்க்கோடு. கப்பலோ வளைவுகளால் ஆனது. புளூநோஸில் முன்னும் பின்னும் கத்திபோல ஒடுங்கி, நடுவில் பருத்து, ஏராவை நெருங்கும் இடத்தில் உள்வாங்கிக் குழியும் உடல். அந்த வளைவு எதுவும் பெட்டிக்குள் இல்லை.

ஏராவிலிருந்தே ஆரம்பிப்போம். மெல்லிய ப்ளைவுட் நேராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது கூடுதலாகவே முறுக்கிக்கொள்ளும். ஒரு கண்ணை மூடி விளிம்போடு விளிம்பாகப் பார்க்க வேண்டும். முறுக்கு இருந்தால் நனைத்து, பாரம் வைத்து நிமிர்த்த வேண்டும். எண்ணைப் பார்த்து ஒட்டுகிறவருக்கு இது தெரியாது, எண் சரியாகத்தானே இருக்கிறது! முறுக்கிய ஏராவில் எல்லாத் துண்டையும் சரியான எண்ணில் ஒட்டினால் கிடைப்பது கோணல் கப்பல். அடுத்து, பலகைகளின் ஓரம் போய் உட்கார ஏராவின் இருபக்கமும் ஒரு தாழ்வு செதுக்க வேண்டும். எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று வரைபடத்தில் கோடு இருக்கிறது. செதுக்குவது உளி. முன்பக்கத்தில் ஒரு கோணம், நடுவில் வேறு, பின்னால் இன்னொன்று என்று அந்தத் தாழ்வு முழுநீளத்துக்கும் திருகிக்கொண்டே போகும்.

பிறகு வங்குகள். மூலைமட்டம் வைத்து ஒவ்வொன்றையும் ஏராவுக்குச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டியாயிற்று. மீன்முள் போல ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பலர் இதைப் படமெடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். லேசர் இயந்திரத்தின் எல்லை இங்கே முடிகிறது. கதிர் மேலிருந்து கீழே நேராக இறங்கும்; அது வெட்டும் விளிம்பு எப்போதும் பலகையின் முகத்துக்குச் செங்கோணத்தில் இருக்கும். நடுக்கப்பலில் அது பரவாயில்லை. அணியத்தை நோக்கி உடல் ஒடுங்கும்போது, ஒவ்வொரு வங்கின் விளிம்பும் அந்த ஒடுக்கத்துக்கு ஏற்பச் சரிய வேண்டும். சரிவு ஒவ்வொரு வங்குக்கும் வேறு. ஒரே வங்கில்கூட மேலே ஒரு சரிவு, வயிற்றில் ஒரு சரிவு, ஏராவருகே மூன்றாவது. இதற்கு எண் கிடையாது. ஒரு ரீப்பரை எடுத்து வங்குகளின்மேல் படிய வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே முனை மட்டும் தொடுகிறதோ அங்கே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், எங்கே தொடாமல் இடைவெளி விடுகிறதோ அங்கே மெல்லிய சக்கை ஒட்டி ஏற்ற வேண்டும். லேசர் கருக்கிய பழுப்பு விளிம்பு இதற்கு ஒரு வழிகாட்டி: நடுக்கப்பலைப் பார்த்த பக்கத்து ஓரத்தில் ஒரு கருங்கோடு மிஞ்சும்வரை தேய்க்கலாம், அதுவும் போனால் உடல் மெலிந்துவிட்டது என்று பொருள். கண் ஏமாறும், விரல் அவ்வளவு எளிதில் ஏமாறாது. ரீப்பரின்மேல் விரலை ஓட்டும்போது மேடும் பள்ளமும் உடனே தெரியும்.

இந்த வேலைக்குக் கையேட்டில் ஒன்றிரண்டு பத்திகள்தான் இருக்கும். செய்து முடிக்கப் பல மாலைகள் போகும். பெட்டி கொடுத்தது எவ்வளவு, கை கொடுத்தது எவ்வளவு என்று பார்ப்பவர் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

பலகை ஒட்டும் கட்டத்தில் எதிர்க்கட்சியின் வாதம் இன்னும் மோசமாக உடைகிறது. கிட்டில் இருப்பவை ஒரே அகலம் உள்ள ரீப்பர்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: நடு வங்கின் விளிம்பு தளத்திலிருந்து ஏராவரை 120 மில்லிமீட்டர் என்றால், 5 மில்லிமீட்டர் ரீப்பர் 24 ஒட்டினால் நிறைந்துவிடும். அணியத்தில் அதே தூரம் 72 மில்லிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அதே 24 பலகைகள் போய்ச் சேர வேண்டும். அப்படியானால் ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டருக்கு மெலிய வேண்டும். மெலிவு எங்கே தொடங்குவது, எவ்வளவு வேகத்தில் இறங்குவது? ஒவ்வொரு வங்கின் விளிம்பையும் காகிதக் கீற்றால் அளந்து, சமமாகப் பங்கிட்டு, பென்சிலால் குறித்து, அந்தக் குறிகளுக்கு ஏற்ப ஒவ்வொரு ரீப்பரையும் இழைக்க வேண்டும். பலகையின் முனை பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது தச்சர்களின் பழைய விதி. போகும்போல இருந்தால் இரண்டு பலகைகளை ஒன்றாக்கி முடிக்க வேண்டும். பின்புறத்தில் தலைகீழ்க் கணக்கு: அங்கே இடம் அகன்று, பலகைகளுக்கிடையில் ஆப்பு வடிவத் துண்டுகள் செருக வேண்டியிருக்கும். இந்தக் குறி எதுவும் பெட்டியிலிருந்து வரவில்லை. ஒவ்வொருவரின் எலும்புக்கூடும் தேய்த்த தேய்ப்பில் கொஞ்சம் வேறுபட்டிருப்பதால், வர முடியாது.

மரத்துக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. ரீப்பர் முகப்புறமாக எளிதில் வளையும், ஓரப்புறமாக வளையாது. வற்புறுத்தி வளைத்து ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொண்டு ஓட்டுக்கூரைபோல அடுக்கடுக்காக நிற்கும். நீராவியும் சூடும் ஓரளவு உதவும். அதற்குமேல் அகலமான பலகையிலிருந்து வளைவாகவே அறுத்தெடுக்க வேண்டும். ஏராவை ஒட்டிய முதல் பலகையில் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ரீப்பர் தன் போக்கில் போக விட்டால் அது அணியத்தின் கம்பத்தில் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறினால் அதற்கு மேலே வரும் ஒவ்வொரு பலகையும் இன்னும் கூர்மையாக மேல்நோக்கி நெளிய வேண்டிவரும். பத்தாவது பலகைக்குள் வேலை நின்றுவிடும். அந்த முதல் பலகை எங்கே நிற்க வேண்டும் என்று முதல் நாளே முடிவெடுத்திருக்க வேண்டும். இருபத்து நான்காவது பலகையின் தலைவிதியை முதல் பலகை எழுதிவிடுகிறது.

பாய்மரங்களும் இப்படித்தான். பெட்டியில் இருப்பது முழுநீளத்துக்கும் ஒரே பருமனான கம்பு. மரம் மேலே போகப்போக மெலிவது உங்கள் இழைப்புளியில். அதை விவரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

“சரி, கை வேலை இருக்கட்டும். வடிவமைப்பு வேறொருவருடையதுதானே? சிந்தனை உன்னுடையதில்லையே?” என்று அடுத்த வாதம் வரும். முதல் வாதத்தைவிட இது கௌரவமானது. ஆனால் உண்மைக் கப்பல் கட்டிய வரலாற்றுக்கு முன்னால் நிற்காது. புளூநோஸை வரைந்தவர் வில்லியம் ரூவே. ஹாலிஃபாக்ஸ் நகரில் குடும்பத்தின் சோடாத் தொழிலைப் பார்த்துக்கொண்டு, கப்பல் வரைவதை ஆசைக்குக் கற்றவர். 1920-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக் கப்பல் நோவா ஸ்கோஷியாவின் கப்பலைப் பந்தயத்தில் தோற்கடித்துவிட்டது. அந்த மானப் பிரச்சினையில்தான் ரூவேயிடம் வரைபடம் கேட்டார்கள். மரம் அறுத்து, வங்குகளைச் சரித்து, பலகை வளைத்தவர்கள் லூனன்பர்க் தச்சர்கள். தாளில் கோடுகளை வேறொருவர் போட்டார் என்பதற்காக அவர்களை ஒட்டுக்காரர்கள் என்பீர்களா? 1921 அக்டோபரில் குளோஸ்டரின் ‘எல்சி’யைத் தோற்கடித்தது வரைபடமா, கப்பலா? முதல் புளூநோஸ் 1946-இல் ஹெய்ட்டி அருகே பாறையில் மோதி அழிந்தபின், 1963-இல் அதே பட்டறை அதே வரைபடத்தை வைத்து ‘புளூநோஸ் 2’ கட்டியது. இரண்டாம் முறை கட்டியது கலையாகாது என்று லூனன்பர்க்கில் போய்ச் சொல்லிப் பார்க்கலாம்.

இன்னும் பழைய சாட்சி வேண்டுமா? பம்பாயில் 1817-இல் ஜம்சேட்ஜி போமன்ஜி வாடியா தேக்கில் கட்டிய போர்க்கப்பல், நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலீ’. அதன் வடிவம் வாடியாவுடையதில்லை, ஆங்கிலேயருடையதுகூட இல்லை. 1782-இல் பிடிபட்ட ‘ஹெபே’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் உடலைப் பார்த்து எடுத்த கோடுகள் அவை. அந்தக் கோடுகளில் பிரிட்டிஷ் கடற்படை 40-க்கும் மேற்பட்ட கப்பல்களைக் கட்டிக்கொண்டது. பம்பாய்க்கு முதலில் அனுப்பிய வரைபடங்கள் ‘ஜாவா’ கப்பலோடு 1812-இல் அமெரிக்கர் கையில் சிக்கிப் போயின. மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த தாளைப் பிரித்துப் பார்த்துக் கட்டினார் வாடியா. இன்றைக்கும் ஹார்ட்டில்பூலில் அந்தக் கப்பல் மிதக்கிறது. வரைந்தவரும் கட்டியவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்மைக் கப்பல் துறைகளில் கேட்கப்படாத ஒன்று. மேசைமேல் மட்டும் எங்கிருந்து முளைத்தது?

முழுவதும் தானே செய்கிறேன் என்பவர்களின் கோடு எங்கே இருக்கிறது என்றும் கொஞ்சம் பார்ப்போம். அவர் பீரங்கியை வார்ப்பதில்லை, பெரும்பாலும் வாங்குகிறார். கயிற்றை முறுக்கும் இயந்திரம் வைத்திருக்கலாம், நூலை நூற்பதில்லை. பலகை மில்லில் அறுத்து வந்தது. வரைபடம் அருங்காட்சியகத்தில் வாங்கிய நகல். மரத்தை வெட்டியவர் எவரோ. இதில் எந்தப் படியில் நின்று கீழே இருப்பவரைப் பார்த்து ‘ஒட்டுக்காரர்’ என்பது? தனக்கு ஒரு படி கீழே கோட்டைப் போட்டுக்கொள்வதுதான் இதில் நடக்கிறது. நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முகாமில் அடைபட்ட பிரெஞ்சுக் கைதிகள், சமையலில் மிஞ்சிய எலும்பைச் செதுக்கிக் கப்பல்கள் செய்தார்கள். வரைபடம் இல்லாமல் நினைவிலிருந்து செய்தவை. விகிதங்கள் பல இடங்களில் தப்பு. இன்று அவை பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் மரியாதையோடு இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். துல்லியம்தான் அளவுகோல் என்றால் அவை தோற்கும். மூலத்திலிருந்து தானே சிந்திப்பதுதான் அளவுகோல் என்றால் வாடியா தோற்பார். இரண்டிலும் நாம் கடைசியில் மதிப்பது பொருளின்மேல் விழுந்த கையை.

எதிர்க்கட்சி சொல்வதில் எனக்கு உடன்பாடுள்ள இடம் ஒன்று உண்டு. கோட்டு வரைபடத்திலிருந்து ஒவ்வொரு வங்கின் வடிவத்தையும் தானே வரைந்தெடுப்பது, எந்த மரம் எந்த இடத்துக்கு என்று தேர்வது, பழைய ஆவணங்களை ஒப்பிட்டுக் கிட்காரர் செய்த வரலாற்றுப் பிழைகளைக் கண்டுபிடிப்பது, இவற்றைப் பெட்டி கற்றுத்தராது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டி எந்தக் கப்பலை விற்கிறதோ அந்தக் கப்பல்தான் திரும்பத் திரும்பக் கட்டப்படுகிறது: விக்டரி, பவுண்டி, கட்டி சார்க். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938-இல் கடல் தாண்டி அதே குளோஸ்டர் துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்த ‘அன்னபூரணி அம்மாள்’ எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் என் கண்ணில் பட்டதில்லை. அதைக் கட்ட ஆசைப்படுபவர் வரைபடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வங்கைச் சரிக்கவும் பலகையைப் பங்கிடவும் முதல் பலகையை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கவும் தெரியாமல் தொடங்கினால் அந்தக் கப்பல் எலும்புக்கூட்டோடு நின்றுவிடும். இவற்றைக் கற்க மலிவான இடம் கிட்தான்.

‘ஒட்டுகிற வேலைதானே’ என்ற ஏளனம் வெறும் மனவருத்தத்தோடு முடிந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இந்த நம்பிக்கைக்குப் பலியாகிறவர் கிட்டை முதல்முறை வாங்குபவர். ஒட்டுகிற வேலை என்று அவரும் நம்பித்தான் பெட்டியைப் பிரிக்கிறார். முதல் மாலையே அத்தனை வங்குகளையும் ஃபெவிகால் போட்டு நிறுத்திவிடுகிறார். வேகமாக நடக்கிறதே என்று மகிழ்ச்சி. தேய்ப்பது ஏதோ சுத்தம் செய்யும் வேலை என்று நினைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். ரீப்பரை இழைக்காமல் அப்படியே ஒட்டுகிறார். ஏழெட்டுப் பலகைக்குப் பிறகு மரம் கேட்க மறுக்கிறது. எண்ணைப் பார்த்து ஒட்டும் வேலைகூடத் தனக்கு வரவில்லையே என்று பெட்டியை மூடிப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார். பழைய பொருள் விற்பனையில் ‘சிறிது தொடங்கியது’ என்ற குறிப்போடு வரும் கிட்களைப் பாருங்கள்: பெரும்பாலும் வங்குகள் ஒட்டி, சில பலகைகள் ஏறி, அணியத்தருகே நெளிந்து நிற்கும். அவருக்குத் திறமை போதவில்லை என்பது பொய். இது கப்பல் கட்டும் வேலை என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை.

முதல் கப்பலை முடித்தவர் இரண்டாவதில் என்ன செய்கிறார் என்பதையும் எதிர்க்கட்சிக்காரர்கள் கவனிக்க வேண்டும். பெட்டியில் வந்த பாஸ்வுட் ரீப்பரை ஒதுக்கிவிட்டு பேரி மரமோ பாக்ஸ்வுட்டோ வாங்கிப் பலகை போடுகிறார். அச்சில் வார்த்த உலோகப் படகைத் தூக்கிப் போட்டுவிட்டு மரத்தில் தானே செய்கிறார். கையேட்டில் தப்பாக இருக்கும் கயிற்றுக்கட்டைப் பழைய புகைப்படம் பார்த்துத் திருத்துகிறார். ஏராவும் வங்குகளும் தவிர, பெட்டியிலிருந்து வந்தது ஏறக்குறைய எதுவும் மிஞ்சாத கப்பல் ஒன்று போட்டி மண்டபத்துக்கு வருகிறது. அதைக் கிட் வரிசையில் வைப்பதா, மற்ற வரிசையில் வைப்பதா என்று நடுவர்கள் முதலில் முடிவுசெய்துவிட்டு, பிறகு எங்களிடம் பேச வரட்டும்.